பித்தீக் விதை நடந்த பாதை

தன் ஊர்ப்பெயரை மறைத்துப் பிற ஊர்ப்பெயர்களால் வாழும் கனி தர்பூசணியைப்போல் மற்றொன்று இல்லை எனலாம். ஸ்பெயின் நாட்டார் இதனைச் 'சாந்தியா' என்கின்றனர். சிந்து நாட்டிலிருந்து வந்தது என்பது அதன் பொருள். ஈரானியர் 'ஹிந்துவானா' என்கின்றனர். இந்தியாவுக்குரியது என்பது பொருள். ஈராக்கில் இது 'ரக்கீ'. யூப்ரடீஸ் கரையிலுள்ள ரக்கா நகரத்துப் பழமாம். சீனர் இட்ட பெயர் 'ஷிகுவா'. மேற்கிலிருந்து வந்த காய் என்பது கருத்து. இந்தியர்களாகிய நாமோ பார்சியரிடம் பெயரை வாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு நாட்டாரும், 'இது எம்முடையது அன்று. அண்டை வீட்டார் தந்தது' என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையை இந்தப் பெயர்களில் காண்கிறோம். அரசுகளின் வரலாற்றில் இத்தகைய நேர்மை அரிது.

தமிழில் வழங்கும் பெயர்களும் இக்கதையையே சொல்கின்றன. 'தர்பூஸ்' என்னும் பார்சிச் சொல் வட இந்தியா வழியாக வந்து, நம் பூசணியோடு ஒட்டிக்கொண்டு தர்பூசணி ஆயிற்று. இலங்கைத் தமிழர் இதை வத்தகை என்பர். மலபார் மக்கள் வத்தக்க என்பர். இவ்விரண்டும் போர்த்துகீசியரின் 'பத்தேக்கா' என்ற சொல்லோடு ஒலியால் ஒன்றுபடுகின்றன. அந்தப் போர்த்துகீசியச் சொல்லோ 'அல் பித்தீக்கா' என்னும் அரபுச் சொல்லின் திரிபேயாகும். பிரெஞ்சுக்காரரின் 'பாஸ்தேக்' என்பதும் அவ்வழியே பிறந்தது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட தம் மருந்துநூலில் பத்தேக்காவுக்கு ஓர் உரையாடலையே ஒதுக்கி, அரபியர் இதனை இந்திய பித்தீக் என்று அழைப்பதையும் எழுதிவைத்துள்ளார். ஆகவே நம் கடற்கரைக்குச் சொல்லைக் கொணர்ந்தது அரபியரின் மரக்கலமாயினும் சரி, பறங்கியரின் கப்பலாயினும் சரி, வேர் ஒன்றுதான். வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய நம் இளைஞர்கள் 'பத்தீக்' என்ற சொல்லை அங்காடிகளிலே கேட்டிருப்பார்கள். அதுவும் நம் வத்தகையும் உறவினர் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ!

அப்படியாயின் இதன் உண்மையான பிறந்தகம் எது? நெடுங்காலம் தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பாலை என்றே விடை கூறி வந்தனர். டேவிட் லிவிங்ஸ்டன் 1857-இல் வெளியிட்ட தம் பயணநூலில், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அப்பாலையில் இக்காய்கள் பரந்து கிடப்பதையும், சில கசப்பும் சில இனிப்புமாய் இருப்பதால் அங்குள்ள மக்கள் ஒவ்வொன்றையும் கோடரியால் கீறி நாவால் சுவைத்துப் பார்த்துத் தெரிந்தெடுப்பதையும் வருணித்திருந்தார். அந்த வருணனையின் சுவை அறிஞர்களையும் மயக்கிவிட்டது போலும். பின்னாளில் மரபணு ஆராய்ச்சி வளர்ந்தபோது, கலஹாரியின் காய் நம் பழத்திற்குத் தாயன்று, சற்றுத் தூரத்து உறவே என்பது தெரிந்தது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, சூடான் நாட்டுக் கொர்தொஃபான் பகுதியில் விளையும் வெண்சதைக் காயே இன்றைய தர்பூசணிக்கு மிக நெருங்கிய இனம் என்று காட்டியது. அதன் சதையில் கசப்பு இல்லை, இனிப்பும் அதிகமில்லை. நைல் நதியின் மேற்புறத்து உழவர் எவரோ கசப்பற்ற கொடியைக் கண்டு, அதன் விதையை மட்டும் எடுத்துவைத்து மறுபடி ஊன்றியிருக்க வேண்டும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்விடத்தில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. லிபியாவின் பாலைக் குகையொன்றில் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முந்திய விதைகள் கிடைத்துள்ளன. அவற்றின் மரபணுவைப் படித்தவர்கள், அந்தப் பழத்தின் சதை கசப்பாகவே இருந்திருக்கும் என்று 2022-இல் அறிவித்தனர். கசக்கும் பழத்தை ஏன் சேர்த்துவைத்தார்கள்? விதையைத் தின்பதற்காகத்தான். நாம் இன்று துப்பிவிடும் விதையே முதலில் உணவாயிருந்தது. சதை பின்னால் வந்த சிறப்பு. யூனானி மருத்துவர்கள் 'சார் மகஸ்' என்று நான்கு விதைப்பருப்புகளைச் சேர்த்துத் தருகிறார்களே, அவற்றுள் தர்பூசணி விதையும் ஒன்று. இல்லத்து இனிப்புகளின்மேல் அந்தப் பருப்பைத் தூவும்போது நம் பெண்மணிகள் மிகப் பழைய வழக்கம் ஒன்றைத் தொடர்கிறார்கள்.

எகிப்தியக் கல்லறைகளில் இதன் தடயங்கள் உள்ளன. சுமார் 4300 ஆண்டுகளுக்கு முந்திய ஓவியம் ஒன்றில், தட்டின்மேல் வரிகளோடு கூடிய நீள்வடிவக் காய் வைக்கப்பட்டிருக்கிறது. 1922-இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் மன்னனின் கல்லறையிலும் விதைகள் இருந்தன. எகிப்தைவிட்டு வெளியேறிய பனூ இஸ்ராயீல் மக்கள் பாலையிலே அலைந்தபோது, விட்டுவந்த நாட்டின் காய்கறிகளை நினைத்து ஏங்கிய வரலாற்றை நாம் அறிவோம். தவ்ராத்தின் எண்ணாகமத்தில் அந்த ஏக்கப் பட்டியலில் வெள்ளரியை அடுத்து 'அபத்திகீம்' என்ற சொல் வருகிறது. அரபியின் பித்தீக்கும் ஹீப்ருவின் அபத்திகீமும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 61-ஆம் வசனத்தில் கீரை, வெள்ளரி, ஃபூம், பருப்பு, வெங்காயம் ஆகியவை கூறப்படுகின்றன. பித்தீக் அங்கே இல்லை. சில சொற்பொழிவாளர்கள் இரண்டு பட்டியல்களையும் கலந்து, தர்பூசணி குர்ஆனில் வருகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிழை.

நபிமொழியில் பித்தீக் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் பித்தீக்கைப் பேரீச்சையின் செங்காய்ப் பருவமான ருதபுடன் சேர்த்து உண்டார்கள் என்றும், ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றின் குளிர்ச்சியால் தணித்துக்கொள்வதாகக் கூறினார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆனால் அந்த பித்தீக் எது? இங்கேதான் நம் முன்னோரின் ஆய்வுநெறி ஒளிர்கிறது. பித்தீக் என்னும் சொல் பச்சைத்தோல் தர்பூசணிக்கும் மஞ்சள்நிற முலாம்பழத்திற்கும் பொதுவாக வழங்கியது. ஹிஜ்ரி 751-இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள், குளிர்ச்சி கூறப்படுவதால் அது பச்சை நிறத்ததே என்று முடிவு செய்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப்பின், ஹிஜ்ரி 852-இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி அவர்கள் அதனை மறுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் 'கிர்பிஸ்' என்ற சொல் வந்திருப்பதையும், அது மஞ்சள் வகையைக் குறிப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். இரு பேரறிஞர்கள் ஒரு காயின் நிறத்தைப்பற்றி இத்துணைக் கவனத்தோடு வாதிட்டது வீண்வேலை அன்று. நாயகத்தின் பெயரால் ஒரு சொல்லைச் சொல்லுமுன் அதன் பொருளை உறுதி செய்ய வேண்டும் என்ற அச்சமே அவர்களை இயக்கியது. பித்தீக்கின் சிறப்புகளைப் புகழும் பல அறிவிப்புகள் மக்களிடையே உலவுகின்றன. அவற்றுள் மேற்சொன்ன ஒன்றைத் தவிர வேறெதுவும் ஆதாரமுடையதன்று என்று இப்னுல் கையிம் அவர்களே எழுதியுள்ளார்கள். பழக்கடைக்காரர் ஒட்டிவைக்கும் அட்டைகளில் ஹதீஸ் என்று எழுதப்பட்டிருப்பதை வாசிக்கும் அன்பர்கள் இதனை நினைவில் கொள்ளுதல் நலம்.

இனி, நம்மவர் பெருமையோடு பேசும் அந்தலூசியாவுக்கு வருவோம். ஆண்ட்ரூ வாட்சன் என்னும் வரலாற்றறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில், இஸ்லாமிய ஆட்சியின் முதல் நூற்றாண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கே பரவிய பயிர்களை ஆராய்ந்தார். நெல், கரும்பு, பருத்தி, எலுமிச்சை, வாழை, கத்தரி, பசலை ஆகியவற்றோடு தர்பூசணியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அந்நூல் வந்தபின், 'ஐரோப்பாவுக்குத் தர்பூசணியை முதன்முதலில் ஊட்டியவர்கள் முஸ்லிம்களே' என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாயிற்று. முழக்கம் இனிதுதான், உண்மை அதனினும் நுட்பமானது. ரோமர் காலத்திலேயே மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இக்கனி விளைந்திருந்ததை ஹாரி பாரிஸ் என்னும் தாவர ஆய்வாளர் கிரேக்க, லத்தீன், ஹீப்ரு நூல்களைக்கொண்டு 2015-இல் எடுத்துரைத்தார். பலஸ்தீனத்து யூத நூல்கள் இதனை அத்தி, திராட்சை, மாதுளை ஆகிய இனிய கனிகளோடு சேர்த்து எண்ணியதால், அது அப்போதே தித்தித்திருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. ஆக, முதற்பெருமை நமக்குரியதன்று. நமக்கில்லாத பட்டத்தைச் சூட்டிக்கொள்வதால், நமக்கு உண்மையாகவே உரிய பெருமையும் ஐயத்துக்கு உள்ளாகிறது.

உரிய பெருமை எது? ஸ்பானியச் சொல்லே சான்று. ரோமர் அறிந்த பழம் அந்த மண்ணில் வேரூன்றியிருந்தால் லத்தீன் பெயர் நிலைத்திருக்கும். நிலைத்ததோ சிந்துவின் பெயர். கிழக்கிலிருந்து நல்ல விதை வந்தது. வந்த விதையைக் காக்கவும், மண்ணறிந்து ஊன்றவும், கண்டதை எழுதிவைக்கவும் ஒரு கூட்டம் இருந்தது. அந்தலூசியாவின் முதல் உமையா அமீர் அப்துர் ரஹ்மானுக்கு (ஆட்சிக்காலம் 756–788) ஷாம் நாட்டிலிருந்து மாதுளை வந்த கதையை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவையிலிருந்த ஸஃபர் என்பவர் அந்தப் பழத்தின் முத்துகளைத் தம் ஊருக்கு எடுத்துச்சென்று, முளைக்கவைத்துப் பேணி, மரமாக்கி, அதன் கனியைக் கொண்டுவந்து அமீரின்முன் வைத்தாராம். அமீர் மகிழ்ந்து தம் ருஸாஃபாத் தோட்டத்திலும் அதனை நடச்செய்தார். ஸஃபரீ மாதுளை என்று அது பெயர்பெற்றது. அரண்மனைத் தோட்டத்திற்கு முன்பே ஒரு தனிமனிதரின் வீட்டுத்தோட்டத்தில் விதை முளைத்துவிட்டது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலா நகரத்தில் இப்னு பஸ்ஸால் என்னும் தோட்டக்கலை அறிஞர் வாழ்ந்தார். அவர் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எருவும் நீரும் எவ்வளவு என்று எழுதினார். பழைய நூல்களின் மேற்கோள் எதுவுமின்றி, தம் கையால் செய்து கண்டதை மட்டும் எழுதியதே அவர் நூலின் தனிச்சிறப்பு. 1085-இல் துலைத்துலா காஸ்டில் மன்னன் வசமானபோது அவர் தெற்கே இஷ்பீலியாவுக்குப் பெயர்ந்து, அங்கே முஃதமித் மன்னரின் தோட்டத்தில் மீண்டும் மண்வெட்டி எடுத்தார். ஊரை இழந்த மனிதர் விதையையும் அறிவையும் இழக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை இயற்றினார். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செடிகொடிகள் அதில் இடம்பெற்றன. பித்தீக் வகைகளும் அவற்றுள் உண்டு. முன்னோர் கூற்றையெல்லாம் அவர் திரட்டித்தந்தாலும், தம் சொந்தக் கூற்றாக எழுதுபவற்றைப் பலமுறை செய்துபார்த்த பிறகே எழுதுவதாகவும் அறிவித்தார். இன்றைய ஆய்வுக்கூடங்கள் பறைசாற்றும் நெறி இதுவன்றோ! 1248-இல் இஷ்பீலியாவும் வீழ்ந்தது. ஆயினும் அந்நூல் எஸ்கோரியல் மடத்தின் சுவடிகளிடையே கிடந்து, 1802-இல் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு மத்ரிதில் அச்சேறியது. அரபு நூல் ஒன்றைத் தம் நாட்டு உழவுத்தொழிலின் நன்மைக்காக ஸ்பானியர் தேடியெடுத்து மொழிபெயர்த்தனர் என்பதில் வரலாற்றின் ஒரு புன்முறுவல் தெரிகிறது.

1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அந்தத் தோட்டக்காரர்களின் வழித்தோன்றல்கள் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். தோட்டக்காரன் போய்விட்டான், வாய்க்காலுக்கு 'அஸேக்கியா', நீரிறைக்கும் சக்கரத்துக்கு 'நோரியா', தொட்டிக்கு 'அல்பெர்க்கா' என்னும் அரபுச் சொற்கள் அங்கேயே தங்கிவிட்டன. சாந்தியாவும் தங்கிவிட்டது.

கிழக்கே சீனத்துக்குப் போன விதையின் கதை இன்னும் உருக்கமானது. பத்தாம் நூற்றாண்டில் ஹு சியாவ் என்னும் சீன அலுவலர் கித்தான் மக்களிடையே சில ஆண்டுகள் சிக்கியிருந்தார். மீண்டுவந்து தாம் எழுதிய குறிப்பில், கித்தானியர் உய்குர் மக்களை வென்றபோது இந்த விதையைப் பெற்றனர் என்றும், மாட்டுச்சாணம் இட்டு, மேலே மறைப்புக் கட்டி அதனை வளர்த்தனர் என்றும் கூறுகிறார். குளிர்நாட்டில் வெப்பப்பயிரை வளர்க்க, மக்கும் சாணத்தின் சூட்டைப் பயன்படுத்திய திறமை அது. தென்சீனத்துக்கோ விதை மற்றொரு சிறைவாசியோடு வந்தது. ஹொங் ஹாவ் என்பவர் சொங் அரசின் தூதராக 1129-இல் வடக்கேயிருந்த ஜின் அரசுக்குப் போனார். போனவரை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. 1143-இல் விடுதலைபெற்றுத் திரும்பியபோது அவர் தர்பூசணி விதைகளைக் கொண்டுவந்தார். அரண்மனைத் தோட்டத்திலும் ஊர்த்தோட்டங்களிலும் அவை இப்போது விளைகின்றன என்று தாமே எழுதிவைத்தார். வாழ்வின் சிறந்த ஆண்டுகளை அந்நிய நாட்டில் பறிகொடுத்தவரின் பயணமூட்டையில் விதை இருந்தது. இன்று உலகில் மிக அதிகமாகத் தர்பூசணி விளைவிக்கும் நாடு சீனம்.

பாபர் மன்னரின் கண்ணீரை இங்கே சேர்த்துச் சொல்வோர் உண்டு. ஹிந்துஸ்தானத்தின் அரியணையில் அமர்ந்தபின் ஒருநாள் பழமொன்றை அறுத்தபோது தாயக நினைவால் கண்கலங்கியதை அவரே பதிவு செய்துள்ளார். ஆயினும் அவர் ஏங்கியது முலாம்பழ இனத்துக்கு; தர்பூசணிக்கு அன்று. பல்க் நகரத்துத் தோட்டக்காரர் ஒருவரை அமர்த்தி ஆக்ராவில் அதனைப் பயிராக்கி வெற்றியும் கண்டார். தர்பூசணிக்காக அவர் அழவேண்டிய தேவையே இருந்திராது. யமுனையின் மணற்படுகை அதற்கு உகந்த இடம்.

பாதையின் கடைசிக் கட்டம் நம் காலத்தது. ஹிதோஷி கிஹாரா என்னும் ஜப்பானிய அறிஞர் விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கும் முறையை 1951-இல் விளக்கி வெளியிட்டார். இயல்பான கொடியின் உயிரணுவில் 22 குரோமோசோம்கள் உண்டு. கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளால் அதனை 44 ஆக்கி, பின்னர் இயல்பான கொடியோடு கலந்தால் 33 கொண்ட கொடி பிறக்கும். இரண்டாகச் சரிபாதி பிரிய இயலாத எண்ணாதலால் அதில் விதை முற்றுவதில்லை. (அந்தக் கால்ச்சிசின் நம் நாட்டுக் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறது.) உண்பவருக்கு இது வசதி, மறுக்கவில்லை. எனினும் ஹொங் ஹாவின் மூட்டையில் அந்தப் பழம் இருந்திருந்தால் சீனத்துக்கு எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. இன்று கடைகளில் விற்கும் கலப்பின விதையின் நிலையும் ஓரளவு இதுவே. பழம் சிறப்பாகவே காய்க்கும். அந்தப் பழத்தின் விதையை மறுபடி ஊன்றினால் தாயைப்போல் வராது, ஒவ்வொன்றும் ஒருவிதமாய்ப் போகும். ஆகவே விதையைக் காக்க விரும்பும் இல்லத்தார் 'ஷுகர் பேபி', 'அர்கா மானிக்', பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் 'பி.கே.எம். 1' போன்ற, கலப்பினமல்லாத வகைகளைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவரைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார்.

வரலாறு எழுதப் புகுந்தவன் கொல்லைப்புறத்தைப்பற்றிச் சொல்லாமல் விட்டால், இப்னு பஸ்ஸாலைப்பற்றிப் பேசியதற்குப் பொருளில்லை. தமிழ்நாட்டில் தை, மாசி மாதங்கள் விதைக்க ஏற்றவை. பனி குறைந்து வெயில் ஏறும்போது கொடி படரும். பழம் கோடையில் கனியும். நாள் முழுதும் வெயில் விழும் இடம் வேண்டும்; மணல் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவருக்கு இம்மண் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, மக்கிய தொழுஎருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, சிறு மேடாக்க வேண்டும். ஒரு கொடிக்கு ஆறேழு அடி இடம் ஓடவிட வேண்டும். இடமில்லாதவர்கள் பந்தலில் ஏற்றிப் பழத்தைப் பழந்துணியால் ஊஞ்சல்போல் தாங்கலாம்.

விதையைத் தேனிலோ பாலிலோ ஊறவைத்தால் பழம் இனிக்கும் என்று பழைய கிரேக்க, ரோம உழவுநூல்கள் கூறின. அந்த நம்பிக்கை பல நாட்டு நூல்களிலும் வழிவழியாக ஏறியது. இனிப்பு விதையின் மேல்தோலில் பூசுவதால் வருவதன்று. இலைகள் வெயிலிலிருந்து சமைத்துப் பழத்துக்கு அனுப்புவது. ஆனால் ஊறவைத்ததில் பயன் இருந்தது. கெட்டித்தோல் நெகிழ்ந்து விதை விரைவில் முளைத்தது. காரணம் வேறாயினும் காரியம் கைகூடிற்று. தேனை வீணாக்காமல் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தாலே போதும். குழிக்கு நான்கு விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். நன்கு தழைத்த இரண்டை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். இளம்பருவத்தில் சிவந்த வண்டு இலையைச் சல்லடையாக்கும். காலைப்பனியில் அடுப்புச்சாம்பலைத் தூவுவது பாட்டிமார் கண்ட வைத்தியம்.

முதலில் பூப்பவை ஆண்பூக்களே. பூத்துப் பூத்து உதிர்கின்றனவே என்று பலர் மனம் சோர்ந்து கொடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். சில நாள் பொறுத்தால், அடியில் நெல்லிக்காய் அளவில் பிஞ்சு தாங்கிய பெண்பூ வரும். அது ஒருநாள் காலை மட்டுமே விரிந்திருக்கும். தேனீ வராவிட்டால், ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். மதீனாவின் பேரீச்சந்தோப்பினர் ஆண் பாளையைப் பெண் பாளையில் சேர்த்துவந்ததும், அதுபற்றி நாயகம் (ஸல்) அவர்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்துப்பட அவர்களின் அனுபவத்துக்கு விட்டுக்கொடுத்ததும் அன்பர்கள் அறிந்ததே. அதே கைவேலைதான் இது.

காய் பிடித்த முப்பது நாற்பது நாட்களில் பழுக்கும். பறித்தபின் இது பழுக்காது. எனவே பறிக்கும் நாளை அறிவதே கலை. காம்பின் அருகேயுள்ள சுருள்பற்று காய்ந்திருக்க வேண்டும். மண்ணில் படிந்திருந்த அடிப்பகுதி வெளுப்பு மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்க வேண்டும். மூன்றும் கூடினால் அறுக்கலாம். கடைசி வாரத்தில் நீரைக் குறைத்தால் இனிப்பு மிகும். காயவிட்டுத் திடீரென்று நீரைப் பாய்ச்சினாலோ பழம் வெடித்துவிடும்.

விதைக்கென ஒரு பழத்தை ஒதுக்கத்தான் வேண்டும். வெள்ளரியும் பூசணியும் அருகில் இருந்தால் சுவை கெடும் என்பது வெறும் அச்சம். அவை தர்பூசணியோடு கலப்பதில்லை. பேய்க்கொம்மட்டி என்னும் ஆற்றுத்துமட்டி கலக்கும். குர்ஆன் ஓதாத நயவஞ்சகனுக்கு நபிமொழி உவமையாகக் காட்டும் ஹன்ழலா என்ற கசப்புக்காய் அதுவேதான். தர்பூசணியின் நெருங்கிய இனம். அதன் மகரந்தம் பட்டால் இவ்வாண்டுப் பழத்தில் குறை தெரியாது. அதன் விதையில் முளைக்கும் அடுத்த ஆண்டுக் கொடியில் கசப்பு தலைகாட்டும். ஆதலால் மறுநாள் விரியவிருக்கும் பெண்மொட்டையும் அதே கொடியின் ஆண்மொட்டையும் முந்திய மாலையே மெல்லிய துணியால் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துக் கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மீண்டும் கட்டி, காம்பில் வண்ணநூல் ஒன்றைச் சுற்றி அடையாளம் செய்ய வேண்டும். அந்தப் பழம் நன்கு முற்றியபின் அறுத்து, விதைகளை நீரில் அலசி, மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, மூழ்கியவற்றை நிழலில் ஒரு வாரம் உலர்த்துக. கண்ணாடிக் குப்பியில் உலர்ந்த சாம்பலோடு போட்டு மூடி, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டிவைத்தால், நான்கைந்து ஆண்டுகள்வரை முளைக்கும்.